முறைவைத்து வரும் மணிமுடி

மன்னருக்கும் தவணை குறித்து வைத்திருக்கும் நாடு மலேசியா. அங்கே மாநிலங்கள் பதின்மூன்று. அவற்றுள் ஒன்பதில் பரம்பரை ஆட்சியாளர்கள் இருக்கின்றனர். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அவ்வொன்பதின்மரும் கூடி, மறைவாக வாக்களித்துத் தம்முள் ஒருவரை நாடு முழுமைக்கும் மாமன்னராகத் தேர்ந்தெடுக்கின்றனர். தவணை முடிந்ததும் அவர் அந்த அரியணையை விட்டிறங்கித் தம் மாநிலத்திற்குத் திரும்பிவிடுகிறார். 1957 ஆகஸ்ட் 31-ல் நாடு விடுதலை பெற்றபோது நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான் முதல் மாமன்னரானார். 2024 ஜனவரி 31-ல் ஜொகூர் சுல்தான் இப்ராஹீம் பதினேழாம் மாமன்னராகப் பதவியேற்றார். மன்னர் மாறிக்கொண்டே இருப்பதால் போலும், அந்நாட்டு நாணயத்தாள்களில் இன்றளவும் முதல் மாமன்னரின் உருவமே அச்சிடப்பட்டு வருகிறது.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. நாகூர், காரைக்கால், கடையநல்லூர், தென்காசி எனப் பல ஊர்களிலிருந்தும் நம்மவர் தலைமுறை தலைமுறையாகப் பினாங்குக்குக் கப்பலேறியவர்கள். அங்கே அவர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு வயது இருநூறைக் கடந்துவிட்டது. ஆயினும் பினாங்கிற்கெனச் சுல்தான் இல்லை. 1786-ல் கெடா சுல்தானின் கையிலிருந்து ஆங்கிலக் கும்பினியின் கைக்குப் போன தீவு அது. இன்று அங்கிருப்பவர் மாமன்னரால் நியமிக்கப்படும் ஆளுநர். சமயத் தலைமை மாமன்னருக்குரியது. ஆகவே பினாங்கின் ஜும்ஆ குத்பாவில் துஆச் செய்யப்படும் மாமன்னரின் பெயர் தவணைதோறும் மாறி வருகிறது. குத்பாவில் பெயர் ஓதப்படுவதே அரசுரிமையின் அடையாளம் என்று வரலாற்று நூல்களில் படித்த நமக்கு, அப்பெயர் முறைவைத்து மாறுவது சற்றே வியப்பளிக்கத்தான் செய்யும்.

பிறப்பினால் வரும் முடியை, வாக்குச் சீட்டினால் ஆளப்படும் இக்காலத்து நாடு ஒன்று வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்பது நம் வினா. இவ்வினாவை உலகத்து முடியாட்சிகள் எல்லாவற்றின் மீதும் ஒருசேர வீசுவதில் பயனில்லை. ஒவ்வொரு முடிக்கும் ஒரு கதை உண்டு. மலேசியாவின் கதையை எடுத்துக்கொண்டு, வேண்டுமிடத்தில் பிற நாடுகளைத் துணைக்கழைப்போம். செலவுக் கணக்கைக் காட்டி முடியாட்சியை மறுப்போரும் உளர். அது சிறிய வாதம். குடியரசுத் தலைவர்களின் மாளிகைகளும் கூரை வேய்ந்த குடிசைகள் அல்ல.

மதரஸாவில் ஓதி வந்தவர்க்கு இவ்வினாவின் முதல் விடை ‘வேண்டாம்’ என்பதாகவே இருக்கும். அபூபக்கர் (ரலி) அவர்கள் பைஅத்தினால் தலைமைக்கு வந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் தம் மகனைப் பதவிக்கு உரியவராக்காமல், அறுவர் கொண்ட ஒரு குழுவிடம் தேர்வை ஒப்படைத்துச் சென்றார்கள். முஆவியா (ரலி) அவர்கள் தம் மகன் யஸீதுக்கு முன்கூட்டியே பைஅத் வாங்கியபோது கிலாபத் ‘முல்க்’ ஆகிவிட்டது என்று நம் ஆசிரியர்கள் ஒரு பெருமூச்சோடுதான் பாடஞ்சொல்வார்கள். தந்தை அமர்ந்த இடம் என்பதற்காக மகன் அமர்வது நீதியன்று என்னும் உணர்வு அந்தப் பெருமூச்சில் இருக்கிறது. அவ்வுணர்வை நாம் விட்டுக்கொடுப்பதற்கில்லை. பிறப்பு எவரையும் உயர்த்துவதில்லை என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஆனால் அரபுச் சொற்களை அவற்றின் வேரோடு பார்த்துப் பழகியவர்கள், அந்த முதல் விடையோடு நின்றுவிட மாட்டார்கள். அல்ஹம்து சூராவில் ஒரு சொல்லை ‘மாலிக்’ என நெடிலாக ஓதுவோரும் உண்டு. ‘மலிக்’ எனக் குறிலாக ஓதுவோரும் உண்டு. இரண்டும் வழிவழியாக வந்த ஓதல் முறைகளே. முன்னதற்கு உடையவன் என்று பொருள். பின்னதற்கு அரசன் என்று பொருள். இறைவனிடத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. மனிதரிடத்தில் இவை ஒன்றானபோதெல்லாம் கேடு விளைந்தது. பழங்காலத்து மன்னன் நிலத்தையும் நீரையும் குடிமக்களின் உழைப்பையும் தன் உடைமையாகவே கருதினான். அரசியலமைப்புச் சட்டத்திற்கு உட்பட்ட முடியாட்சி என்பது இவ்விரண்டையும் பிரித்து வைத்த ஏற்பாடு. மலிக் அரியணையில் இருப்பார். நாட்டிற்கு அவர் மாலிக் அல்லர்.

‘சுல்தான்’ என்ற சொல்லையே பாருங்கள். குர்ஆனில் அது வருமிடங்களில் சான்று, அதிகாரம் என்னும் பொருள்களையே தருகிறது; முடிசூடிய ஓர் ஆளை அது குறிப்பதில்லை. அதிகாரம் ஆளாக மாறியது பிற்காலத்து வழக்கு. ‘தௌலத்’ இதைவிடச் சுவையானது. அதன் வேருக்குச் சுழல்தல், முறை மாறுதல் என்று பொருள். அப்பாஸியர் தம் ஆட்சியை ‘தௌலத்’ என்றபோது, உமையாக்களின் முறை முடிந்து தங்கள் முறை வந்துவிட்டது என்னும் குறிப்பு அதில் இருந்தது. பிறகு அச்சொல் அரசைக் குறித்தது. நம் வீடுகளில் செல்வத்தைக் குறிக்கிறது. மலாய் மொழிக்குள் புகுந்தபோதோ மன்னரின் உடலில் உறையும் தெய்விகப் பேராற்றல் என்ற பொருளைப் பெற்றுவிட்டது. ‘தௌலத் துவாங்கு’ என்பது அங்கே மன்னருக்கு எழுப்பும் வாழ்த்தொலி. மாறி வருவதைக் குறித்த சொல் மாறாததைக் குறிக்கத் தொடங்கிற்று. 1957-ன் அரசியலமைப்போ மாமன்னர் பதவியை முறைவைத்துச் சுழலும்படி செய்து, தான் அறியாமலே அச்சொல்லை அதன் பழைய வேருக்குத் திருப்பியிருக்கிறது.

ஆட்சி செய்யாத அரசர் என்பது ஐரோப்பியர் கண்டுபிடித்த புதுமை என எண்ணுவோர் பலர். அவ்வாறன்று. ஹிஜ்ரி 450-ல் மறைந்த இமாம் மாவர்தீ, அரசாட்சிச் சட்டங்களைப் பற்றிய தமது நூலில் அமைச்சர்களை இருவகையாகப் பிரிக்கிறார். சொன்னதைச் செய்து முடிக்கும் அமைச்சர் ஒருவகை. கலீபாவிடமிருந்து பொறுப்பனைத்தையும் ஏற்றுத் தம் அறிவைக் கொண்டே ஆளும் அமைச்சர் மற்றொரு வகை. இந்த இரண்டாமவர் ஏறத்தாழ இன்றைய பிரதமர். மாவர்தீ இதை எழுதிய காலத்தில் பக்தாதின் நிலை என்ன? 945-ல் புவைஹிகள் நகருக்குள் நுழைந்துவிட்டனர். நாணயத்தில் கலீபாவின் பெயர் இருந்தது, குத்பாவிலும் இருந்தது, படை மட்டும் அமீரின் கையில் இருந்தது. நுழைந்த சில வாரங்களுக்குள் முயிஸ்ஸுத் தௌலா என்ற பட்டம் பெற்ற அமீர், அப்பட்டத்தை அளித்த கலீபா முஸ்தக்பியையே அரியணையிலிருந்து இறக்கினார். கலீபாவின் கண்கள் பறிக்கப்பட்டன. பின்னாளில் இப்னு கல்தூன், மன்னரைத் திரைக்குப் பின்னே அமர்த்திவிட்டு அமைச்சர் ஆளும் நிலையைத் தம் முகத்திமாவில் தனித் தலைப்பிட்டே ஆராய்ந்தார்.

அதிகாரமற்ற முடி வலியவனின் கைக்கருவியாகிவிடும் என்பது பக்தாத் தரும் பாடம். அங்கே கலீபாவுக்கும் அமீருக்கும் நடுவே வாளைத் தவிர வேறொன்றும் இல்லை. இன்றைய முடியாட்சியில் அந்த இடத்தில் சட்டம் நிற்கிறது. சட்டம் அங்கே உண்மையில் நிற்கிறதா, நிற்பதாகப் பாவனை செய்கிறதா என்பதைப் பொறுத்தே நம் வினாவுக்கு விடை அமையும்.

மலாய் மண்ணில் சட்டம் எவ்வாறு அவ்விடத்திற்கு வந்தது? ‘செஜாரா மெலாயு’ எனும் பழைய வரலாற்று நூல், முதல் மன்னருக்கும் குடிமக்களின் தலைவருக்கும் நடந்த ஓர் உடன்படிக்கையைக் கூறுகிறது. மன்னர் கொடியவராயினும் குடிமக்கள் அவருக்குத் துரோகம் நினைப்பதில்லை. மன்னர் எக்காரணத்தாலும் குடிமக்களை இழிவுபடுத்துவதில்லை. இதுவே அதன் சாரம். (அரசத் துரோகத்திற்கு மலாயில் ‘டெர்ஹாக்கா’ என்பர்; நம் ‘துரோகம்’ பிறந்த அதே வடமொழி வேரிலிருந்து சென்ற சொல் அது.) அழகான உடன்படிக்கைதான். ஆனால் மன்னர் அதனை மீறினால் எங்கே போய் முறையிடுவது? இவ்வினாவுக்கு 1699-ல் கோத்தா திங்கியில் ஒரு விடை கிடைத்தது. ஜொகூர் சுல்தான் மஹ்மூத், சூல்கொண்டிருந்த ஒரு பெண் அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளையைத் தின்றாள் என்பதற்காக அவளைக் கொல்வித்தார் என்றும், அவள் கணவனான படைத்தலைவன் மெகாட் ஸ்ரீ ராமா, ஜும்ஆவுக்குப் பல்லக்கில் சென்ற சுல்தானைக் கத்தியால் குத்திக் கொன்றான் என்றும் கதை சொல்லப்படுகிறது. பலாச்சுளைக் கதையின் உண்மை எதுவாயினும், சுல்தான் கொலையுண்டதும், மலாக்கா அரச வழி அவரோடு அற்றுப்போனதும் வரலாறு. நீதிமன்றம் இல்லாத இடத்தில் கத்தி நீதிமன்றமாயிற்று.

இருநூற்று நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, மலாய் மக்கள் தம் சுல்தான்களையே காப்பாற்ற வேண்டிய நிலை வந்தது. 1945-ன் பிற்பகுதியில் பிரிட்டன் அனுப்பிய ஹாரல்டு மெக்மைக்கேல், ஒவ்வோர் அரண்மனையாகச் சென்று, ஆட்சியுரிமையைப் பிரிட்டிஷ் முடிக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் எப்படி நடந்துகொண்டீர்கள் என்ற கேள்வி தலைக்கு மேல் தொங்கும்போது, கையெழுத்திடாதிருப்பது எளிதன்று. 1946 ஏப்ரல் 1-ல் மலாயா யூனியன் பிறந்தது. மலாய்க்காரர்கள் தம் சொங்கோக் தொப்பியில் வெண்துணி சுற்றித் துக்கம் காத்தார்கள். கோலாலம்பூரில் சுல்தான்கள் தங்கியிருந்த விடுதியின் முன் திரண்டு, புதிய ஆளுநரின் பதவியேற்புக்குப் போகலாகாது என்று வேண்டினார்கள், சுல்தான்களும் போகவில்லை. 1948 பிப்ரவரி 1-ல் அந்த யூனியன் கலைக்கப்பட்டுக் கூட்டரசு அமைந்தது. அன்று மக்கள் சுல்தான்களுக்காக அழுதது, சுல்தான்கள் நல்லாட்சி புரிந்தார்கள் என்பதற்காகவா? அவர்களை இழந்தால் தம் பெயரும் மொழியும் தம் நாட்டிலேயே அந்நியமாகிவிடும் என்று அஞ்சினார்கள். இதை அறியாமல் மலேசிய முடியைப் பழைய பொம்மை என்று எள்ளி நகையாடுவோர், மக்களின் நெஞ்சைக் கணக்கில் எடுக்காதவர்கள்.

விடுதலையோடு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, மலாய் மக்களின் தனிநிலையைக் காக்கும் பொறுப்பை மாமன்னரிடம் ஒப்படைத்த அதே விதியில், பிற சமூகங்களின் நியாயமான நலன்களைக் காக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தது. நம்மவர் போன்ற சிறு கூட்டத்தார்க்கு இவ்விரண்டாம் பாதி முக்கியமானது. வாக்கு எண்ணிக்கையால் அமைச்சரவையை அசைக்க இயலாத சிறுபான்மையினர், எண்ணிக்கைக்கு அப்பாற்பட்ட ஒருவர் இருப்பதில் ஆறுதல் காண்பது இயல்பு. அந்த ஆறுதல் எவ்வளவு உறுதியானது என்பது வேறு. அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் நடக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

1983-ல் பிரதமர் மகாதீர் முகமது, நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டங்களை மாமன்னரின் இசைவு தடுத்துவிட முடியாதபடி திருத்தம் கொண்டுவந்தார். நெருக்கடி மூண்டது; 1984 ஜனவரியில் ஒரு சமரசத்தோடு அடங்கிற்று. 1994-ல் விதி தெளிவாயிற்று: முப்பது நாட்களுக்குள் இசைவு வராவிடினும் மசோதா சட்டமாகிவிடும். இதற்கிடையில் 1993-ல் நடந்ததே நம் ஆராய்ச்சிக்கு முதன்மையானது. அதுவரை ஆட்சியாளர்கள் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்க முடியாது. அவ்வாண்டு அக்காப்பு நீக்கப்பட்டு, ஆட்சியாளர்களை விசாரிப்பதற்கென்றே ஒரு தனி நீதிமன்றம் அமைந்தது. தலைமை நீதிபதி அதற்குத் தலைவர். சட்டத்துறைத் தலைவரின் அனுமதியின்றி அங்கே வழக்குத் தொடர இயலாது என்ற கட்டுப்பாடு இன்னும் இருக்கிறது. ஆயினும் 2008-ல் ஒரு வங்கி தொடுத்த வழக்கில், ஒரு மாநில ஆட்சியாளர் பணம் செலுத்த வேண்டும் என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1699-ல் கத்தி அளித்த விடைக்குப் பதிலாகச் சட்டம் விடையளித்த நாள் அது. அமைச்சர்களுக்கும் அரண்மனைக்கும் நடந்த பலப்பரீட்சையில் பிறந்த திருத்தம்தான். அதன் தந்தையின் நோக்கம் தூயதா என்று கேட்டால் நமக்கும் ஐயமுண்டு. எனினும் மலேசிய முடியை ஒரு நேர்மையான மனிதர் ஆதரிக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது அத்திருத்தமே.

இதுவரை நாம் முடியின் பக்கம் சாய்ந்தோம். இனி வருவது, அம்முடியை மிகவும் புகழ்வோரோடு நாம் வேறுபடும் இடம்.

2020 பிப்ரவரி 24-ல் மகாதீர் பதவி விலகினார். எவருக்குப் பெரும்பான்மை என்பது எவருக்கும் தெரியவில்லை. அப்போதைய மாமன்னர் பகாங் சுல்தான் அப்துல்லாஹ், நாடாளுமன்ற உறுப்பினர்களை இரண்டு நாட்கள் தனித்தனியே அரண்மனைக்கு அழைத்து அவரவர் ஆதரவு யாருக்கு என்று கேட்டறிந்து, முடிவில் முஹ்யித்தீன் யாசீனைப் பிரதமராக்கினார். அக்டோபரில் அதே பிரதமர் அவசரநிலை கேட்டபோது, ஏனைய ஆட்சியாளர்களைக் கலந்தபின் தேவையில்லை என்று மறுத்தார். 2021 ஜனவரி 12-ல் பெருந்தொற்றைக் காரணம் காட்டி மீண்டும் கேட்டபோது இசைந்தார். ஆகஸ்ட் 1 வரை அவசரநிலை நீடித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் இன்னொரு பிரதமர். 2022 நவம்பர் 19-ல் நடந்த பொதுத் தேர்தலில் 222 இடங்களில் எந்த அணிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. மீண்டும் அரண்மனை தலையிட்டு, அணிகள் இணைந்து ஆளும்படி வற்புறுத்தியது. நவம்பர் 24-ல் அன்வார் இப்ராஹீம் பதவியேற்றார். மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று முறை, நாட்டின் பிரதமர் யாரென்பதை அறிய மக்கள் அரண்மனையின் வாயிலைப் பார்த்து நின்றார்கள். அரசியல்வாதிகள் சிதறடித்ததை மன்னர் சேர்த்து வைத்தார் என்ற புகழ்ச்சி எங்கும் கேட்டது.

நாமும் ஒருகணம் மகிழ்ந்தோம். 1975 ஜூன் 25 இரவில் நம் நாட்டில் என்ன நடந்தது என்பதை நினைத்தால் மகிழாமல் இருக்க முடியாது. மக்கள் பிரதிநிதிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் பக்ருத்தீன் அலி அஹ்மத், அமைச்சரவை கூடுமுன்பே, பிரதமரின் ஒரு கடிதத்தைக் கண்டு அவசரநிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். பிறப்பினால் வந்தவர் மறுத்தார். தேர்வினால் வந்தவர் மறுக்கவில்லை. முடியாட்சியை ஆதரிப்போர்க்கு இதைவிட நல்ல சான்று கிடைக்குமா?

ஆனால் இந்தச் சான்றைச் சற்றே உற்று நோக்குங்கள். 1978-ல் நம் அரசியலமைப்பின் நாற்பத்து நான்காம் திருத்தம் ஒன்றைச் செய்தது: அமைச்சரவையின் எழுத்து மூலமான முடிவின்றிக் குடியரசுத் தலைவர் அவசரநிலையைப் பிரகடனம் செய்ய முடியாது. நல்ல தலைவர் வரவேண்டும் என்று துஆச் செய்வதோடு நில்லாமல், தலைவர் எத்தகையவராயினும் தீங்கு நேராதபடி விதியைத் திருத்தினார்கள். மலேசியாவில் அதற்கு மாறான போக்கு வளர்கிறது. விதியில் உள்ள ஓட்டையை மன்னரின் நற்பண்பு அடைத்துவிட்டது. ஆகவே ஓட்டையை அடைக்கும் வேலை நின்றுவிட்டது. தம் அறிவுக்கு எட்டியபடி பெரும்பான்மை உடையவரென எவரைக் கருதுகிறாரோ அவரைப் பிரதமராக்கலாம் என்பது மாமன்னருக்குள்ள உரிமை. இந்த உரிமையை அடுத்த தவணையில் வருபவர் எவ்வாறு கையாள்வார்? அதற்கடுத்தவர்? ஒன்பது அரண்மனைகளில் வளரும் இளவரசர்களின் குணத்திற்கு இன்றே எவர் பிணை நிற்பது? மன்னர் நல்லவர் என்று நாம் மகிழும் ஒவ்வொரு முறையும், நல்லவரல்லாத ஒருவருக்காக ஓர் உரிமையைச் சேமித்து வைக்கிறோம்.

2009-ல் பேராக் மாநிலத்தில் நடந்ததும் இதற்கு உதாரணம். மூன்று உறுப்பினர்கள் அணிமாறியதால் ஆட்சி ஆட்டங்கண்டது. சட்டமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் நடத்துமாறு முதல்வர் கேட்டார்; சுல்தான் அஸ்லான் ஷா மறுத்து வேறொருவரைப் பதவியில் அமர்த்தினார். அவர் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர், சட்டம் அறியாதவரல்லர். 2010-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. முடிவு சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் வாக்களித்த மக்களில் ஒரு பகுதியினர் அன்று முதன்முறையாகத் தம் சுல்தானை ஒரு கட்சியின் எதிர்ப்பக்கத்தில் நிற்பவராகக் கண்டார்கள். அந்தக் காட்சியை எந்தத் தீர்ப்பும் அழித்துவிட முடியாது.

தலையிடும் மன்னருக்கும் தலையிடாத மன்னருக்கும் என்ன வேறுபாடு என்பதற்கு ஐரோப்பாவின் இரண்டு முடிகள் சாட்சி. 1922 அக்டோபர் 28-ல் முசோலினியின் ஆட்கள் ரோமை நோக்கி வந்தபோது, அமைச்சரவை இராணுவச் சட்டத்திற்கான ஆணையை இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலிடம் நீட்டியது. அவர் தம் சொந்த அறிவைப் பயன்படுத்திக் கையெழுத்திட மறுத்தார்; முசோலினியையே பிரதமராக அழைத்தார். 1946 ஜூனில் இத்தாலிய மக்கள் வாக்களித்து அம்முடியை அகற்றினார்கள். 1940 ஏப்ரலில் நார்வேயை ஜெர்மானியர் பிடித்து, குவிஸ்லிங் என்பவரைப் பிரதமராக்கும்படி மன்னர் ஏழாம் ஹாகோனை நெருக்கினர். ஹாகோன் அமைச்சரவையைத் தடுக்கவில்லை. முடிவு உங்களுடையது, இதற்கு நீங்கள் இசைவதென்றால் நான் முடி துறந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். ஒருவர் தமக்கில்லாத பொறுப்பை எடுத்துக்கொண்டார். மற்றவர் தம்மிடமிருந்த ஒரே பொருளான தம் பெயரை அநீதிக்குக் கொடுக்க மறுத்தார்.

எனவே நம் கருத்து இது. மலேசியா தன் முடியை வைத்துக்கொள்ளட்டும். பிறப்பு உயர்வு தரும் என்பதற்காகவன்று. பதவி வேட்கை உடைய ஒருவர் நாட்டின் தலையாய ஆசனத்தில் அமர இயலாதபடி அவ்வாசனம் முன்பே நிரப்பப்பட்டிருப்பதற்காக; அதுவும் ஐந்தாண்டுக்கொருமுறை வேறொருவரால் நிரப்பப்படுவதற்காக. ஆனால் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் வேலை அரண்மனையை விட்டு வெளியேற வேண்டும். சுவீடன் 1974-ல் புதிய அரசியலமைப்பை இயற்றியபோது அவ்வேலையை மன்னரிடமிருந்து எடுத்து நாடாளுமன்ற சபாநாயகரிடம் கொடுத்தது. அவர் ஒருவரை முன்மொழிவார், அவை வாக்களிக்கும். மன்னர் மன்னராகவே நீடிக்கிறார். அவர் மாண்பு ஒரு முடியளவும் குறையவில்லை. மலேசியாவிலும் 2022 அக்டோபர் முதல் கட்சி தாவும் உறுப்பினர் தம் இடத்தை இழப்பார் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. சந்தையில் மாடு பிடிப்பதுபோல் உறுப்பினர்களைப் பிடிக்கும் வழக்கத்தை அது ஓரளவு அடக்கும். அவைக்குள் எண்ணி முடிக்க வேண்டிய வாக்குகளை அரண்மனையின் வரவேற்பறையில் எண்ணும் வழக்கத்தை அது அடக்காது.

இன்னொன்றும் உண்டு. 1969 மே 13 கலவரத்திற்குப் பின், 1971-ல் செய்யப்பட்ட திருத்தத்தால், ஆட்சியாளர்களின் இறைமையைப் பற்றிக் கேள்வி எழுப்புவது நாடாளுமன்றத்துக்குள்ளும் குற்றமாயிற்று. 1993-ல் அக்கட்டு தளர்ந்தது. ஆட்சியாளர்களின் செயலை உறுப்பினர்கள் அவையில் விமர்சிக்கலாம். ஆனால் முடியாட்சியை நீக்க வேண்டும் என்று வாதிடுபவருக்கு மட்டும் அவையின் பாதுகாப்பு கிடையாது. நாம் இங்கே அமர்ந்து ஆராயும் வினாவை, அந்நாட்டு மக்களின் பிரதிநிதி தம் அவையில் அச்சமின்றி எழுப்ப இயலாது. கட்டாயத்தின் பேரில் செய்யும் சத்தியம் செல்லாது என்று சொன்னதற்காக மதீனாவில் இமாம் மாலிக் கசையடி பட்டார்கள். அப்பாஸியரின் ஆளுநர் அடித்தது தலாக்கின் சட்டத்தை எண்ணியன்று. கட்டாயப்படுத்தி வாங்கிய பைஅத்தும் செல்லாதென்று மக்கள் நினைத்துவிடுவார்களே என்று அஞ்சித்தான். ‘வேண்டாம்’ என்று சொல்ல இயலாதவர் சொல்லும் ‘வேண்டும்’ எவ்வளவு பெறும்?

நார்வேயின் ஹாகோன் இதனை அறிந்திருந்தார். 1905-ல் நார்வே சுவீடனைவிட்டுப் பிரிந்தபோது, நாடாளுமன்றத்தார் டென்மார்க் இளவரசராயிருந்த அவரை மன்னராக வரும்படி அழைத்தனர். மக்கள் குடியரசை விரும்புகிறார்களா, முடியரசை விரும்புகிறார்களா என்று கேட்டறிந்த பின்பே வருவேன் என்றார் அவர். நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அவரை வேண்டும் என்றனர். ஐந்தில் ஒருவர் வேண்டாம் என்றனர். வேண்டாம் என்றவர்கள் எவரும் அதற்காகச் சிறை செல்லவில்லை. அதன்பிறகே அவர் கப்பலேறி ஆஸ்லோ வந்து சேர்ந்தார். அன்று அந்நகருக்குக் கிறிஸ்டியானியா என்று பெயர்.